தூமம்: பாரி நாட்டு வானத்தில் ஒரு வால்

மதுரையில இருந்து சிங்கம்புணரி பக்கம் போனா பிரான்மலை வரும். பாரியின் பறம்பு மலை இதுதான்னு சொல்றாங்க. பாரி இறந்த பிறகு கபிலர் பாடிய புறநானூறு 117-ஆம் பாட்டில், வால்நட்சத்திரத்துக்கு 'தூமம்'னு பேர். அதாவது, புகை.

உண்மையில் நாம பார்க்கிறது புகை இல்ல, தூசி. வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது அதன் பனி ஆவியாகி, உள்ளே இருக்கிற தூசியைக் கிளப்பிவிடும். சூரிய ஒளி அந்தத் தூசியை எதிர்ப்பக்கமாகத் தள்ளும். அதே ஒளி தூசியில் பட்டுச் சிதறுறதால வளைந்த வால் நம்ம கண்ணுக்குத் தெரியுது.

அந்தக் காலத்தில் அது பஞ்சத்துக்கான சகுனம். ஆனா தூமம் தோன்றினாலும் பாரி நாட்டில் மழை பொய்க்காதுன்னு கபிலர் சொல்றார். இந்த இடத்துல நான் கொஞ்சம் நின்னுட்டேன். பாரியின் மலையைப் பறிச்சது வானத்துத் தூசி இல்லையே, மூவேந்தர்தானே! அதில் ஒருத்தர் நம்ம மதுரைப் பாண்டியர்.