வினா எழுதும் கலை: நன்னூல் முதல் ஓசூர் வகுப்பறை வரை

பாடத்தை ஊன்றிப் படிக்கவைக்கும் வினா பற்றிய சிந்தனை தமிழில் பழமையானது. 13ஆம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், அறிவினா முதல் ஏவல் வினா வரை 6 வகைகளை வகுத்தது. அந்நூலை எழுதச்செய்த சீயகங்கன், ஓசூர் அமைந்த கிருஷ்ணகிரி மாவட்ட எல்லைக்கு அப்பாலுள்ள கோலாரோடு தொடர்புடைய கங்கர் மரபினன். உரையாசிரியர்கள் தாமே வினா எழுப்பி விடை கூறி, ஒவ்வொரு சொல்லையும் ஆராயப் பழக்கினர்.

எழுத்துத் தேர்வுகள் பெருகியபோது மனப்பாட வினாக்கள் மேலோங்கின. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் ஓசூர்ப் பகுதிக் குழந்தைகளையும் தமிழ்ப் பாடத்துக்குள் படிப்படியாகக் கொண்டுவந்தது. இவர்களுக்கு மனப்பாட வினாக்களைவிடப் பொருத்தமானவை, விடையைப் பத்திக்குள்ளேயே தேடச்செய்யும் வினாக்கள்: இக்கருத்தை எந்தச் சொல் காட்டுகிறது, ஏன்? ஆசிரியர் முதலில் தாமே ஊன்றிப் படித்து, விடைக்குச் சான்றான வரியைக் குறித்துக்கொண்டு, அதன்பின் வினா எழுதுவதே இம்முறையின் அடிப்படை.