தொடாமல் ஆட முடியாத ஆட்டம்

சடுகுடு என்று முன்பும் கபடி என்று இன்றும் தமிழகத்தில் வழங்கும் ஆட்டத்தின் வரலாற்றைச் சாதியின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் செல்பவர் அங்கிருப்பவர்களைத் தொட்டுவிட்டுத் தம் பக்கம் திரும்புவதும், அவர் நடுக்கோட்டை எட்டுவதற்குள் கணுக்காலையோ இடுப்பையோ பற்றி மண்ணில் சாய்ப்பதுமே இந்த ஆட்டத்தின் சாரம். தொட்டால் தீட்டு என்று மனிதரை விலக்கிவைத்த சமூகத்தில் இப்படியோர் ஆட்டம் தலைமுறைகளாக நிலைத்தது எவ்வாறு என்ற கேள்விக்கு, அணிகள் அமைந்த விதம் விடை தருகிறது.

வேளாங்கண்ணி அமைந்துள்ள கீழத்தஞ்சை, அதாவது பழைய தஞ்சை மாவட்டத்தின் கடலோர நெல்வயல் பகுதி, இதற்குத் தக்க சான்றாகும். இங்கு நிலமுடையோர் வாழ்ந்த ஊரும், தலித் மக்கள் வாழ்ந்த சேரியும் தனித்தனியே இருந்தன. சேரியினரில் பலர் பண்ணையாட்கள், அதாவது ஒரே நிலக்கிழாரிடம் குடும்பத்தோடு கட்டுண்டு உழைத்தவர்கள். சவுக்கடியும் சாணிப்பால் புகட்டலும் அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகளாக இருந்தன. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டியெழுப்பிய விவசாயிகள் இயக்கமும், 1952இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் இந்தக் கட்டைத் தளர்த்தினாலும், கூலிப் போராட்டத்தின் உச்சத்தில், 1968 டிசம்பர் 25 அன்று, இன்றைய கீழ்வேளூர் வட்டத்தில் உள்ள கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். குடியிருப்பே சாதிவாரியாகப் பிரிந்திருந்த இத்தகைய ஊர்களில், தெருப் பிள்ளைகள் சேர்ந்து அமைத்த சடுகுடு அணியும் இயல்பாகவே ஒரே சாதியின் அணியானது. தம்மவரையே தொட்டு ஆடியவரை ஆட்டத்துக்கும் தீண்டாமைக்கும் இடையே உரசல் எழவில்லை. பொங்கலையும் கோயில் திருவிழாவையும் ஒட்டிய தொடர்போட்டிகளில் வெவ்வேறு தெருக்கள் எதிரெதிரே நிற்க நேர்ந்தபோதுதான், ஒரு பிடி வெறும் புள்ளிக் கணக்காக நில்லாமல் மானப் பிரச்சினையாக மாறும் நிலை உருவானது.

ஊர்மண்ணின் இந்த ஆட்டத்துக்கு எழுத்து வடிவில் விதிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தில் வகுக்கப்பட்டன. அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் என்ற உடற்பயிற்சி அமைப்பு, 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அதை உலகின் முன் ஆடிக்காட்டியது. ஆரிய இன மேன்மையை அரங்கேற்ற ஹிட்லர் அரசு முனைந்த அதே ஒலிம்பிக்கில்தான் அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர் ஜெசி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றார். ஆனால் நாடு திரும்பிய அவரை நிறப் பாகுபாட்டுச் சட்டங்களே எதிர்கொண்டன. களத்தில் கிடைத்த சமத்துவம் தெருவுக்குத் தானாக வந்துவிடுவதில்லை என்பதற்கு ஓவன்ஸின் வாழ்க்கை அளிக்கும் சான்று தமிழகக் கபடிக்கும் பொருந்தும்.

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கத்துக்குரிய போட்டியானதும் இந்தியா தங்கம் வென்றது. 1994 ஹிரோஷிமாவில் மீண்டும் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இடம்பெற்றார்; 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. அவர் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கி, துருவ் விக்ரம் நடித்து 2025 அக்டோபரில் வெளிவந்த ‘பைசன்’, தென்மாவட்டச் சாதி மோதல்களின் நடுவே ஓர் இளைஞன் இந்திய அணியை எட்டும் கதையைச் சொல்கிறது. ஊக்கமூட்டும் விளையாட்டுப் படங்களில் தடை பெரும்பாலும் எதிரணியாகவே இருக்கும். இங்கோ களத்தை அடைவதற்கு முன்பே பகையும் அச்சமும் வழிமறிக்கின்றன.

இந்த வழிமறிப்பைத் தளர்த்தியதில் தனிமனித உறுதியோடு நிறுவனங்களுக்கும் பங்குண்டு. ரயில்வே, காவல்துறை போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியே வீரர்களுக்கு வேலை அளித்ததால், ஆட்டம் நிலமில்லாதவருக்கும் மாதச் சம்பளத்துக்கான வழியாயிற்று. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் ஊர்ப் பெருமைக்குப் பதில் ஏலத்தைக் கொண்டுவந்தது. தஞ்சை மாவட்டத்துத் திருச்சென்னம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணியின் தலைவராகக் கோப்பை வென்றார். ஆயினும் ஏலம் விலை பேசுவது ஏற்கெனவே களம் கண்டவர்களைத்தான். எந்தத் தெருப் பிள்ளை எந்தத் திடலில் பயிற்சி பெறலாம், யாருடன் சேர்ந்து ஒரே அணியில் நிற்கலாம் என்பவை இன்னும் ஊர்களில்தான் முடிவாகின்றன. ஆகவே சாதி கடந்த கபடியின் வரலாறு வென்ற பதக்கங்களைவிடக் கலந்து அமைந்த ஊர் அணிகளின் எண்ணிக்கையாலேயே அளக்கப்பட வேண்டும்.