பேரேடு சொன்ன சேதி

முப்பது வருடத்துக்கு மேல் அலுவலகத்தில் பதிவேடுகளோடு குப்பை கொட்டியவன் நான். அதனாலோ என்னவோ, மருத்துவ வரலாறு படித்தாலும் என் கண் பேரேட்டின் பக்கம்தான் போகிறது. அப்படிப் படித்ததில் மனதில் நின்றுபோன கதை இது.

1903-இல் வியன்னாவில் யாக்கோப் எர்ட்ஹைம் என்ற மருத்துவர், ஒரு பிரேதப் பரிசோதனையில் விசித்திரமான ஒன்றைப் பார்த்தார். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகளும் பெருத்திருந்தன. ஒரே உடம்பில் இரண்டு இடத்தில் எப்படி? குறித்து வைத்தார்.

அரை நூற்றாண்டு கழித்து, 1954-இல், நியூயார்க்கில் பால் வெர்மர் என்ற மருத்துவர், ஒரே குடும்பத்தில் தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் இப்படிப் பல சுரப்பிகளில் கட்டி இருப்பதை எழுதினார். இது பரம்பரை நோய் என்றார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இன்று இதற்கு 'மென்-1' என்று பெயர். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். காரணமான மரபணு 1997-இல் அகப்பட்டது. அதை அறிவித்த கட்டுரையில் முதல் பெயர், அமெரிக்காவில் ஆய்வு செய்த சந்திரசேகரப்பா.

பாராதைராய்டு, பிட்யூட்டரி, கணையம் என்று மூன்று இடங்களைத்தான் மருத்துவர்கள் முக்கியமாகக் கவனித்துவந்தார்கள். மார்பகத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மார்பகப் புற்றுநோய் எந்தக் குடும்பத்திலும் வரக்கூடியது. அதனால் இந்தக் குடும்பங்களில் வந்தபோதும் தற்செயல் என்றே தோன்றியிருக்கும். ஒரு மருத்துவர் தன் ஆயுளில் பார்க்கும் நாலைந்து நோயாளிகளை வைத்து வேறு என்ன சொல்ல முடியும்?

நெதர்லாந்தில் பல்கலைக்கழக மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து, நாட்டிலுள்ள மென்-1 நோயாளிகளில் பெரும்பாலோரை ஒரே பதிவேட்டில் கொண்டுவந்திருந்தன. 2014-இல் அதைப் புரட்டி எண்ணினார்கள். 190 பெண்களில் 11 பேருக்கு மார்பகப் புற்றுநோய். மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா ஆகிய இடங்களின் நோயாளிக் குறிப்புகளையும் ஒப்பிட்டார்கள். அங்கேயும் அதே சேதி.

என்னை உறுத்தியது இன்னொரு எண். அந்த 11 பேருக்கு நோய் தெரியவந்த சராசரி வயது 48. அந்நாட்டில் எல்லாப் பெண்களையும் மார்பகப் பரிசோதனைக்கு அரசு அழைப்பது 50 வயதில். அழைப்பு வீடு வந்து சேரும் முன்பே நோய் வந்துவிடுகிறது! மென்-1 உள்ள பெண்களுக்கு 40 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொன்னது இதனால்தான்.

கழுத்தில் கட்டி என்றாலே இந்த நோய்தான் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் நம் வீடுகளில் 'அத்தைக்குக் கழுத்தில் ஆபரேஷன்', 'பாட்டி மார்புக் கட்டியில் போனாள்' என்பதெல்லாம் அடுப்படிப் பேச்சோடு கரைந்துவிடுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் மிஞ்சியிருப்பது நம் தலைமுறைதான். யாருக்கு, என்ன நோய், எந்த வயதில் என்று ஒரு பழைய டைரியில் எழுதி வைத்தால் போதும். பேத்தியைப் பார்க்கும் மருத்துவருக்கு அதுதான் பேரேடு. நான் நேற்று என்னுடையதை எழுத ஆரம்பித்தேன்.