முளைப்பாலிகை

மட்பாண்டத்தில் வித்திட்டு, நீர் தெளித்து, முளை காணும் வழக்கம் தமிழர்தம் மங்கல வினைகளுள் மிகப் பழையது. கோவலன் கண்ணகி திருமணத்தில் மகளிர் ஏந்தி வந்த பொருள்களுள் பாலிகையும் முளைக்குடமும் இருந்தமையைச் சிலப்பதிகாரத்து மங்கலவாழ்த்துப் பாடல் காட்டும். இந்திர விழாவின் பொருட்டுப் புகார் வீதிகளை அணிசெய்யுமாறு முரசறைவோன் பணிக்கும் பொருள்களுள் பொற்பாலிகையையும் மணிமேகலை வைத்தெண்ணும். இல்லத்து மங்கலத்துக்கும் ஊர்ப் பெருவிழாவுக்கும் அது பொதுவாயிருந்தமை இவற்றாற் புலனாகும்.

உழவர் விதைப்பதற்கு முன் தம் வித்தின் தரத்தைச் சோதித்த முறையே பிற்காலத்திற் சடங்காயிற்று என்பர் சிலர். கேட்டற்கு இனிய இக்கருத்து ஆராய்ந்து கொள்ளற்பாலது. அதற்குத் துணைபுரிவன ஆகமங்கள்.

காமிகம் முதலிய ஆகமங்கள் அங்குரார்ப்பணம் எனும் பெயரால் இக்கிரியையை விரித்துரைக்கின்றன. விழாத் தொடங்குதற்கு ஒன்பது, ஏழு, ஐந்து அல்லது மூன்று நாள் முன்னதாக இரவுப்பொழுதில் இது நிகழும். பயிர்களுக்குத் தலைவனாகிய சந்திரனே இதற்கு அதிதேவதை. பாலிகை, கடிகை, சராவம் எனப் பாண்டம் மூவகைப்படும். தூய இடத்தில் எடுத்த மண்ணும், மணலும், உலர்ந்த சாணப்பொடியும் அவற்றில் இடப்படும். நெல், எள், உழுந்து, பயறு, கடுகு முதலிய வித்துக்கள் பாலிற் கழுவி விதைக்கப்பட்டு, மஞ்சள் நீர் தெளிக்கப்படும். இவ்விதியில் அனுபவ அறிவு இல்லாமலில்லை. மணலும் சாணப்பொடியும் மண்ணை இளக்கி வித்துக்குக் காற்றுக் கிடைக்கச் செய்வன. நீரை மிகுதியாக ஊற்றின் அக்காற்று நீங்கி வித்து அழுகும். ஊற்றாது தெளித்தலின் பயன் இதுவே.

எனினும், முளையை மதிப்பிடும் முறையிலேதான் உழவனும் ஆசாரியரும் வேறுபடுகின்றனர். நூறு வித்தில் எத்தனை முளைத்தன என்று எண்ணுபவன் உழவன். ஆகமமோ முளையின் நிறத்தையும் நிலையையும் நோக்கும். வெண்மையோ பொன்மையோ உடையதாய் நேரே எழுந்தது நன்று. கருகியும் வளைந்தும் குறுகியும் தோன்றியது தீது. பச்சை நிறம் விரும்பும் உழவனுக்கு வெளிறிய முளை எங்ஙனம் நன்றாகும்? பாண்டங்களை மூடி மறைவிடத்திற் காத்தல் வேண்டுமென்பதும் விதி. ஒளி படாத முளையிற் பச்சையம் தோன்றாது. அது பொன்னிறமாய் நீண்டு வளரும். ஆகவே பொன்னிற முளை என்பது விதிப்படி காக்கப்பட்ட முளை. மேலும், முளை பழுதாயின் உழவன் வித்தை மாற்றுவான். ஆலயத்திலோ சாந்தி ஓமம் செய்வர். ஈண்டுச் சோதிக்கப்படுவது வித்தன்று, வினையே. பல்வகை வித்தை ஒருங்கு விதைத்தலும், முளைத்தவற்றை வயலில் நடாது நீரிற் சேர்த்தலும் இம்முடிபையே வலியுறுத்தும். உழவர் அறிவு இதனுட் புகுந்திருத்தல் கூடும். அதுவே பிறப்பிடம் என்றல் பொருந்தாது.

பிற நாட்டிலும் இத்தகைய வழக்கம் உண்டு. 1922 இற் கண்டறியப்பட்ட துத்தங்காமன் கல்லறையில், ஒசிரிசின் உருவாய் அமைந்த மரச்சட்டத்தினுள் நைல் வண்டலில் முளைத்த வாற்கோதுமை கிடைத்தது. அங்கே அது மாண்டவன் மீண்டெழுதலின் குறி. அதென்சு நகர மகளிர் அடோனிசு விழாவிற் சிறு பாண்டங்களில் வளர்த்த பயிர் விரைவில் முளைத்து விரைவில் வாடியது. மதியுள்ள உழவன் தன் நல்வித்தை அங்ஙனம் விதையான் என்பது பிளேட்டோவின் கருத்து. இதனைப் பயிர் வளம் வேண்டிய மந்திரச் செயல் என்றார் பிரேசர். உழவுக்கு மறுதலையான பயனிலா விளைவைக் காட்டுவதே அதுவென 1972 இல் தெத்தியேன் மறுத்தார். பாலிகையோ இவ்விரண்டினும் வேறானது. அதன் முளை வாடலாகாது.

யாழ்ப்பாணத்து ஆலயங்களிற் கொடியேற்றத்துக்கு முன் அங்குரார்ப்பணம் இன்றும் நிகழ்கின்றது. திருமண வழக்கிலோ ஒரு மாற்றம் காணப்படுகின்றது. சிலப்பதிகார மகளிர் ஏந்தியது முன்னரே முளைத்த பாலிகை. இக்காலத்து மணவறையில் மூன்று அல்லது ஐந்து சுமங்கலிப் பெண்கள் ஊறவைத்த நவதானியத்தைப் பாண்டங்களில் இட்டுப் பாலும் நீரும் தெளிப்பர். மணநாளில் முளை தோன்றாது. பந்தல் பிரித்து உறவினர் சென்ற பின்னரே அது மண்ணைக் கீறி வெளிவரும். அதனைக் காண்பவர் வீட்டார் மட்டுமே.