ஓர் அணியில் ஆறு உருளைகள்

மோட்டார் வண்டியின் இளமைக் காலத்திலே அதற்குப் பெரும் பகையாய் இருந்தது நடுக்கமாகும். ஒற்றை உருளை கொண்ட எஞ்சினில், தண்டு இருமுறை சுழலும்போது ஒருமுறையே வெடிப்பு நிகழும். அந்த ஓர் உதைப்பின் வேகத்தைக் கொண்டே வண்டி அடுத்த வெடிப்பு வரை செல்லவேண்டும். ஆசனத்தில் இருந்தவரின் பற்கள் ஒன்றோடொன்று மோதின என்று கூறினாலும் அது மிகையாகாது. இரண்டு உருளைகள், பின்னர் நான்கு உருளைகள் எனத் தொகை பெருகியபோது நடுக்கம் தணிந்தது, ஆனால் ஒழியவில்லை.

ஒழியாமைக்குக் காரணம் யாது? உருளையினுள்ளே ஏறியிறங்கும் பிஸ்டன், மேற்பாதியில் விரைவாகவும் கீழ்ப்பாதியில் சற்றுத் தாமதமாகவும் செல்கின்றது. பிஸ்டனைக் கிராங்குத் தண்டோடு பிணைக்கும் கோல் சாய்வதனால் நேரும் வேறுபாடு இது. நான்கு உருளை எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்குகின்றன. ஆயினும் அவற்றின் ஏற்றமும் இறக்கமும் சரிநிகராய் அமையாமையால், தண்டின் ஒவ்வொரு சுழற்சிக்கும் இருமுறை எஞ்சின் முழுவதும் மேலுங்கீழும் அசைகின்றது. ஆறு உருளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, தண்டின் வளைவுகளை 120 பாகை இடைவெளியில் மூன்று சோடிகளாக அமைத்தால், இவ்வசைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. வரிசையின் பிற்பாதி முற்பாதியின் கண்ணாடி நிழலைப்போல் இருப்பதால், முன்னும் பின்னும் ஆடும் தள்ளாட்டமும் இல்லை. வெடிப்போ 1, 5, 3, 6, 2, 4 என்னும் முறையில், சுழற்சிக்கு மூன்றாக, சீராக நிகழ்கின்றது. இதனிலும் குறைந்த உருளைகளைக் கொண்டு, துணைத் தண்டுகளின் உதவியின்றி இத்தகைய சமநிலையைப் பெறுதல் அரிது.

1903ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு ஸ்பைக்கர் சகோதரர்கள் ஆறு உருளை வண்டியொன்றைச் செய்து பாரிஸ் நகரக் கண்காட்சியில் வைத்தனர். நான்கு சக்கரங்களையும் எஞ்சினே இயக்கும் வண்ணம் அமைந்த வியத்தகு வண்டி அது. ஆயினும் விற்பனைப் பொருளாகப் பெருகவில்லை. ஆறு உருளையைச் சந்தைக்குக் கொணர்ந்து புகழ் தேடிக்கொடுத்தவர், இங்கிலாந்திலே நேப்பியர் வண்டிகளை விற்ற செல்வின் எட்ஜ் என்பவராவர். விளம்பரக் கலையில் அவருக்கு இணையானவர் அக்காலத்தில் மிகச் சிலரே. 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாள் மாலை, அப்பொழுதுதான் திறக்கப்பட்டிருந்த புரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதையில் 60 பரிவலு நேப்பியர் வண்டியோடு அவர் இறங்கினார். இரவில் பாதையோரமெங்கும் செவ்விளக்குகள் எரிந்தன. துணைச் சாரதி எவரும் அவருக்குப் பதிலாகச் சுக்கானைப் பிடிக்கவில்லை. 24 மணி நேரத்தில் அவர் ஓடி முடித்த தூரம் 1,581 மைல். மணிக்கு ஏறக்குறைய 66 மைல். ஆறு உருளை எஞ்சின் நம்பத்தக்கதா என்று ஐயுற்றோருக்கு அவர் அளித்த விடை அது.

ஆயினும் அந்த ஐயம் ஆதாரமற்றதன்று. ஆறு உருளைகளை வரிசையாக நிறுத்தினால் அவற்றின் கீழே கிடக்கும் தண்டும் நீளும். நீண்ட தண்டு, ஈரத் துணியைப் பிழிவதுபோல், ஒவ்வொரு வெடிப்பின் உதைப்பிலும் சிறிது முறுகி மீளும். குறிப்பிட்ட சில வேகங்களில் இம்முறுக்கம் தண்டின் இயல்பான அதிர்வோடு ஒத்திசைந்துவிடும். அப்பொழுது அது வளர்ந்து வளர்ந்து தண்டையே முறித்துவிடும். நடுக்கத்தை ஒழிக்க வந்த எஞ்சின், கண்ணுக்குத் தெரியாத வேறொரு நடுக்கத்தைத் தன் வயிற்றிலேயே வைத்திருந்தது!

ஹென்றி றொய்ஸ் இதனைப் பட்டுணர்ந்தார். 1905இல் அவர் ஆக்கிய 30 பரிவலு எஞ்சினில் உருளைகள் இரண்டிரண்டாக மூன்று கட்டைகளில் அமைந்திருந்தன. அதன் தண்டுகள் முறிந்தன. அவர் அந்த வடிவத்தையே கைவிட்டு, மூன்று மூன்றாக இரண்டு கட்டைகளில் உருளைகளை நெருக்கி, பருத்த தண்டொன்றை ஏழு தாங்கிகளில் கிடத்தினார். 1906இல் வெளிவந்த அந்த 7 லீற்றர் எஞ்சினே 'சில்வர் கோஸ்ற்' என்று புகழ்பெற்ற வண்டியைச் சுமந்தது. மறு ஆண்டில் அவ்வண்டி அதிகாரிகளின் மேற்பார்வையில் 15,000 மைல் ஓடியது. நோய்க்கு மருந்தைத் தனியே கண்டவர் பிரெட்றிக் லாஞ்செஸ்டர். தண்டின் முன்முனையில், எண்ணெயில் உராயும் தட்டுக்களோடு கூடிய சிறு சக்கரமொன்றைப் பொருத்தி முறுக்கதிர்வை விழுங்கச் செய்யும் உபாயத்துக்கு 1910இல் அவர் ஆக்கவுரிமை பெற்றார்.

அதுவரை ஆறு உருளை செல்வருக்கே உரியதாய் இருந்தது. அதனைச் சாதாரண குடும்பத்தின் வாயிலுக்குக் கொணர்ந்த பெருமையில் பெரும் பங்கு அமெரிக்காவின் ஷெவ்ரலே நிறுவனத்தையே சாரும். நான்கு உருளையின் விலைக்கு ஆறு உருளை என்று கூறி 1929ஆம் ஆண்டு வண்டியை அது விற்றது. அவ்வெஞ்சினின் பிஸ்டன்களும் வார்ப்பிரும்பே. நயமற்றது என நகைத்தவர் உளர். ஆயினும் உழைப்பில் அது எருமையை ஒத்தது. போர்ட் நிறுவனம் 1932இல் எட்டு உருளையால் அதற்கு மறுமொழி கூறிற்று. ஷெவ்ரலே எஞ்சினின் வழித்தோன்றலே 1931இல் இங்கிலாந்தின் பெட்போட் லொறிகளில் ஏறியது. அந்த லொறிகளை இலங்கையின் வீதிகள் நன்கறியும். யப்பானிலே கீச்சிரோ ரொயோடாவின் தொழிலாளர் ஷெவ்ரலே வண்டியொன்றைக் கழற்றி ஆராய்ந்து, வார்ப்பில் பலமுறை தோல்வி கண்டு, 1934இல் தமது முதல் மோட்டார் எஞ்சினை முடித்தனர். அதுவும் ஆறு உருளை வரிசையே.

இரண்டாம் உலகப் போரின்போது கொவென்றி நகரில் குண்டுவீச்சுத் தீயைக் கண்காணிக்கும் இரவுக் காவலில் இருந்த வில்லியம் ஹெய்ன்ஸ் முதலிய பொறியியலாளர், அவ்விரவுகளில் வருங்கால எஞ்சின் பற்றி உரையாடினர். 1948இல் இலண்டன் கண்காட்சியில் ஜகுவார் நிறுவனம் காட்டிய 3.4 லீற்றர், 160 பரிவலு எஞ்சின் அந்த உரையாடலின் விளைவு. லெ மான் ஓட்டத்தை 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் அது வென்றது. அவற்றுள் 1955ஆம் ஆண்டு வெற்றியைக் கொண்டாட மனம் வராது. அந்த ஓட்டத்தில் வேறொரு வண்டி கூட்டத்தினுள் பாய்ந்து 80க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1992 வரை அவ்வெஞ்சின் உற்பத்தியில் இருந்தமை வியப்புக்குரியது.

எந்த நீளம் அழகைத் தந்ததோ அதே நீளம் பின்னாளில் குற்றமாயிற்று. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டிகள் பெருகியபோது எஞ்சினைக் குறுக்கே கிடத்தவேண்டி வந்தது. இரு சக்கரங்களுக்கிடையே ஆறு உருளை வரிசைக்கு இடம் ஏது? மோதலில் நசுங்கிக் கொடுக்க முன்புறத்தில் வெற்றிடமும் வேண்டியிருந்தது. 1950இல் லான்சியா அவுரேலியாவில் முதன்முதல் உற்பத்திக்கு வந்த வீ வடிவ எஞ்சின், மும்மூன்று உருளைகளை எதிரெதிரே சாய்த்து நீளத்தைப் பாதியாக்கியது. சமநிலை போயிற்று, இடம் மிஞ்சிற்று. 1997இல் வீ வடிவத்துக்கு மாறிய மேர்சிடிஸ், அதன் ஆட்டத்தை அடக்க எஞ்சினுள் துணைத் தண்டொன்றைச் சுழலவிட்டது. வரிசையாறைக் குறுக்கே கிடத்தத் துணிந்தோரும் சிலர் உண்டு. 1998இல் வொல்வோ அவ்வாறு செய்தது. 1968 தொட்டு அதனைக் கைவிடாது காத்தது ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. அவுஸ்திரேலியாவிலோ, போர்ட் பல்கனின் ஆறு உருளை மரபு 1960 முதல் 2016 அக்டோபரில் தொழிற்சாலை மூடப்படும்வரை வாழ்ந்தது.

பின்னர் காற்று மாறியது. புகையெல்லாம் ஒரு பக்கமாகவே வெளியேறுவதால், அதனைத் தூய்மையாக்கும் கருவியையும் காற்றைத் திணிக்கும் விசிறியையும் எஞ்சினை ஒட்டி வைக்கலாம். ஏறக்குறைய அரை லீற்றர் உருளை ஒன்றை அளவாகக் கொண்டு, நான்கையும் ஆறையும் ஒரே பட்டறையில் செய்துவிடலாம். 2017இல் மேர்சிடிஸ் மீண்டும் வரிசையாறுக்கே வந்தது. 48 வோல்ற்று மின்னால் துணைக் கருவிகளை இயக்கி, முன்புறத்துப் பட்டிகளை நீக்கி, எஞ்சினின் நீளத்தையும் குறைத்துக்கொண்டது. 2022இல் யப்பானின் மஸ்டா, வேறு பலர் மின்கலத்தை நாடிய வேளையில், புதிய ஆறு உருளை வரிசையோடு சந்தைக்கு வந்தது. நெடுந்தூரம் ஓடும் பாரவண்டிகளின் டீசல் எஞ்சின்களோ, கார்கள் போய் மீண்ட அக்காலம் முழுவதும் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே நின்றன.