கிஸ்தியும் லத்தியும்

எழும்பூர்ல பழைய கமிஷனர் ஆபீஸ் கட்டடத்தை 2021 செப்டம்பர்ல காவல்துறை அருங்காட்சியகமா திறந்தாங்க. துப்பாக்கி, சீருடைன்னு பிள்ளைங்க பார்க்க நிறைய உண்டு. போனீங்கன்னா எங்க சம்சாரிங்க பட்ட பாட்டையும் கொஞ்சம் நினைச்சுக்கிடுங்க.

1816ல கம்பெனிக்காரன் மதராஸ் மாகாணத்துல போலீசையும் கலெக்டர் கையிலேயே கொடுத்துட்டான். வரி வசூலிக்கிற தாசில்தாரே போலீசுக்கும் அதிகாரி. கிஸ்தி பாக்கின்னு அடிக்கிறதும் அவர் ஆளு, புகார் சொன்னா விசாரிக்கிறதும் அவர் ஆளு. எங்கே போய் முட்டிக்கிறது? கிட்டி போட்டு விரலை நெரிச்சாங்க. அண்ணாந்தாள் பூட்டினாங்க. முரட்டு மாட்டுக்குத் தலையையும் முன்னங்காலையும் சேர்த்துக் கட்டுவோமே, அதே மாதிரி மனுசனைக் குனிய வச்சு வெயில்ல நிறுத்துறது.

1854ல பேச்சு லண்டன் பார்லிமெண்டு வரைக்கும் போச்சு. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன்னு மூணு பேர் கமிஷன். வெளி ஜில்லா சம்சாரிங்க மதராசுக்கே வந்து சாட்சி சொன்னாங்க. அடிச்ச ஆளுங்க ஊர்லயே இருக்கிறப்ப, சொல்லிட்டுத் திரும்பிப் போகணும்ல? அந்தத் தைரியம் சாமானியமில்ல.

சித்திரவதை நடந்தது நெசம்தான்னு 1855ல அறிக்கை வந்துச்சு. வரி வசூல்லேர்ந்து பிரிச்சு, தனிப் போலீஸ் அமைக்க 1859ல 24ஆவது சட்டம் போட்டாங்க. வில்லியம் ராபின்சன் முதல் தலைவரானார். லத்தி போகலை; கிஸ்தி கேக்கிற கையிலேர்ந்து வேற கைக்கு மாறுச்சு.