ஆயாக் கொட்டகை

அம்மா ஐம்பத்திரண்டு வயதில் பல்கலைக்கழக மாணவியானார். பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கு டிப்ளோமாவாவது வேண்டும் என்று 2013-இல் வந்த கல்விப் பெருந்திட்டம் சொன்னபோது, "இத்தன வருசம் பாத்துக்கிட்டதெல்லாம் கணக்குல வராதாடா?" என்று கேட்டவர், டிப்ளோமாவோடு நிற்காமல் இளங்கலையிலும் சேர்ந்துவிட்டார். ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வி, வார இறுதி வகுப்பு. ஸ்லைடு செய்து கொடுப்பது என் வேலை. நான் ஸ்கூடாயில் இயந்திரவியல் படித்தவன். பிள்ளைகளைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

அப்படித்தான் அவருடைய பாடநூலை வாசித்தேன். வரலாற்று அத்தியாயம் 1837-இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் ஃபுரோபலிடம் தொடங்குகிறது. 1907-இல் ரோமில் மாண்டிசோரி. பிறகு ஒரே தாவலில் மலேசியா: 1984-இன் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம், பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்த 1996 கல்விச் சட்டம்.

"ஆயாக் கொட்டகையக் காணோமே," என்றார் அம்மா.

அம்மா வளர்ந்தது அதில்தான். பால்வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். (இது மட்டும் எனக்குப் புரிகிற விஷயம்.) ஆக, மரத்தின் நேரத்துக்குத்தான் பிள்ளைகளும் எழுந்தார்கள். லயத்திலிருந்து தூக்கக் கலக்கத்தோடு தூக்கிவந்த பிள்ளையை இருட்டிலேயே விட்டுவிட்டு, தாய் பிரட்டுக்கு ஓடுவாள். உள்ளே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஆயா பெரும்பாலும் வெட்டுக்குப் போக முடியாத வயசானவர். அம்மாவின் ஆயா, தொட்டில் கயிற்றைக் கால்விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே இன்னொரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவாராம்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். பள்ளி வயது என்பது ஏழிலிருந்து. அதற்கு முந்தைய வருடங்கள் ஆயாவின் கையில். நம்மவர்கள் எழுதிய தோட்ட வரலாறுகளிலும் கங்காணி, கள்ளுக்கடை, சங்கம் எல்லாம் வருகின்றன. நான் வாசித்தவரை, கொட்டகைக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிது.

அதைக் கொண்டாடவும் எனக்கு மனசில்லை. கொட்டகை பிள்ளைகளுக்காக எழுந்ததல்ல. தாயின் கை வெட்டுக்கு வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ரோமில் மட்டும் என்ன? சான் லொரென்சோ குடியிருப்பில் பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்குகிறார்கள் என்றுதான் கட்டட நிறுவனம் மாண்டிசோரியை அழைத்தது. அங்கே முதலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவரும் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல, காவலாளியின் மகள். ஒரே வித்தியாசம், அங்கே ஒரு மருத்துவர் உட்கார்ந்து பார்த்து எழுதினார்.

அம்மா கட்டுரையில் ஒரு பக்கம் சேர்த்தார். "ஆதாரம்?" என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது. நேர்காணலையும் ஆதாரமாகக் காட்டலாம் என்று நான் தேடிச் சொன்னேன். பெரியம்மாவுக்குப் போன் போட்டோம். முதல் கேள்வி, ஆயாவின் பெயர்.

பெரியம்மா வெகுநேரம் யோசித்தார்.

"ஆயான்னுதான்டி கூப்புடுவோம்."